பாட்டிலின் அடியில் ஒரு முக்கோணம்: பிளாஸ்டிக் எண்களும் காயலான் கடைக் கணக்கும்

வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றி வரும். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம், 5 என்றால் பயமில்லாமல் வைத்துக்கொள்ளலாம், 7 என்றால் விஷம், உடனே தூக்கிப் போடுங்கள் என்று போகும் அது. கடைசியில் 'அனைவருக்கும் பகிரவும்' என்ற வரியும் இருக்கும். நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த எண் போடப்பட்டதற்கும் இந்த அறிவுரைகளுக்கும் சம்பந்தமே இல்லை.

1 முதல் 7 வரையான அந்த எண், பொருள் எந்த வகை பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை மட்டும் சொல்கிறது. எத்தனை தடவை பயன்படுத்தலாம், சூடாக ஊற்றலாமா, எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அதில் இல்லை. அதைவிட முக்கியம், அந்தப் பொருள் மறுசுழற்சி ஆகுமா ஆகாதா என்பதும் அதில் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தில்தான் படித்தவர்கள்கூட ஏமாறுகிறார்கள். எண்ணைச் சுற்றி ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள் இருந்தால், யாருக்குத்தான் இது திரும்ப வரும் பொருள் என்று தோன்றாது?

அந்த அம்புகளுக்கும் எண்களுக்கும் வேறு வேறு பூர்வீகம். அம்பு முக்கோணத்தை 1970-இல் வரைந்தவர் கேரி ஆண்டர்சன், அப்போது கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவர். முதல் புவி தினத்தை ஒட்டி ஓர் அமெரிக்க அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்காக அவர் வரைந்தது அது. காகிதத்துக்காகப் பிறந்த சின்னம் என்று சொல்லலாம். எண்கள் 1988-இல் வந்தன. அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் அவற்றை அறிமுகப்படுத்தியது. குப்பை கொட்ட இடமில்லை என்று நகரங்கள் திண்டாடிய காலம் அது. சில மாநிலங்கள் பிளாஸ்டிக்குக்குத் தடை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. தரம் பிரிப்பவர்களுக்கு உதவியாக ஒரு பொதுக் குறியீடு என்ற பெயரில் சங்கம் எண்களைக் கொண்டுவந்தது. அதைத் தனியாகப் போட்டிருக்கலாம். மறுசுழற்சிச் சின்னத்துக்குள் போட்டார்கள். தெரியாமல் செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் பாட்டில்களிலும் டப்பாக்களிலும் இந்தக் குறியீடு கட்டாயம் என்று சட்டம் போட்டன. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. குறியீட்டைப் பராமரிக்கும் பொறுப்பு பிற்பாடு ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பிடம் போனது. 2013-இல் அவர்கள் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றினார்கள், குழப்பம் தீரட்டும் என்று. குழப்பம் தீரவில்லை. பாட்டில் வார்க்கும் அச்சுகள் விலை உயர்ந்தவை, வருஷக் கணக்கில் உழைப்பவை; அம்பு பொறித்த பழைய அச்சுகளை யாரும் அவசரப்பட்டு மாற்றுவதில்லை. நம் ஊர்க் கடைகளில் இன்றைக்கும் பெரும்பாலும் அம்பு முக்கோணம்தான் கண்ணில் படுகிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் இயற்றி, உண்மையில் மறுசுழற்சி ஆகாத பொருளின் மேல் அம்புச் சின்னம் போடுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

சரி, எண்களுக்கு வருவோம்.

எண் 1, பெட். தண்ணீர், குளிர்பானம், சமையல் எண்ணெய் பாட்டில்கள். பாலியஸ்டர் சட்டையும் இந்த பாட்டிலும் வேதியியல்படி ஒரே பொருள்; இழையாக இழுத்தால் துணி, ஊதினால் பாட்டில். இந்த உறவுதான் பெட் பாட்டிலுக்கு மரியாதை வாங்கித் தருகிறது. பழைய பாட்டிலை அரைத்து, கழுவி, உருக்கி, இழையாக்கினால் நேராக ஜவுளித் தொழிலுக்குள் போய்விடலாம். அந்தத் தொழில் நம்மிடம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிறக் கையில்லாச் சட்டை பெட் பாட்டிலிலிருந்து எடுத்த துணி என்று செய்தி வந்தது நினைவிருக்கலாம். அந்தத் துணி கரூரிலிருந்து போனது.

ஆனால் இழையாகப் போன பாட்டில் மறுபடி பாட்டிலாகத் திரும்புவது அபூர்வம். சட்டை கிழிந்ததும் அது பருத்தியோடும் சாயத்தோடும் கலந்த துணிக் குப்பை. பாட்டிலிலிருந்து பாட்டில் செய்யவும் முடியும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பெட்டின் மூலக்கூறுச் சங்கிலிகள் கொஞ்சம் அறுந்து குட்டையாகும். அவற்றை வெப்பத்தில், வெற்றிடத்தில் வைத்துத் திரும்ப நீளமாக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலை. இந்தியாவில் உணவுப் பொருளுக்கு மறுசுழற்சி பிளாஸ்டிக் கூடாது என்பதே நீண்ட காலம் விதியாக இருந்தது. 2022-க்குப் பிறகுதான், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு, மறுசுழற்சி பெட்டில் உணவுப் பொருள் அடைக்க வழி திறந்தது.

எண் 2-ம் எண் 4-ம் உடன்பிறப்புகள். இரண்டும் பாலிஎத்திலீன். 1933-இல் இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது முதல் வகை. அதில் மூலக்கூறுச் சங்கிலிகள் கிளை கிளையாக இருக்கும், நெருங்கி அடுக்கி நிற்க முடியாது. அதனால் மென்மை, வளையும் தன்மை, குறைந்த அடர்த்தி. அதுதான் எல்டிபிஇ, எண் 4. ஜெர்மனியின் கார்ல் சீக்லர் 1953-இல் கிளையில்லாத நேர்ச் சங்கிலிகளைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். அது கடினமானது, ஹெச்டிபிஇ, எண் 2.

நம் வீட்டில் எண் 2 எங்கே இருக்கிறது? ஷாம்பு பாட்டில், பினாயில் கேன் வகையறா. தண்ணீர் லாரி வரும் தெருவில் கலர் கலராக வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் குடமும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். குடத்தில் ஓட்டை விழுந்தால் யாரும் குப்பையில் போடுவதில்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வண்டிக்காரரின் வாரிசுகள் இன்றைக்குக் குடத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வெங்காயமோ பூண்டோ கொடுக்கிறார்கள். அந்த வண்டியில் ஏறும் பொருளுக்கு எண் தேவையே இல்லை. தட்டினால் வரும் சத்தம், நகத்தால் கீறினால் விழும் கோடு, வளைத்தால் வெளுக்கிறதா இல்லையா என்பது போதும். கரூரில் நெய்யப்படும் கொசுவலைகளில் பெரும்பகுதி இந்த ஹெச்டிபிஇ இழைதான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

எண் 4-க்கு நம் ஊரில் தினசரி உதாரணம் பால் கவர். கையில் எடுத்துக் கசக்கினால் சத்தம் போடாது. துணிக்கடையிலும் காய்கறிக் கடையிலும் முன்பு கொடுத்த, சரசரவென்று சத்தம் போடும் மெல்லிய பை அடர்த்தியான பாலிஎத்திலீன், அதாவது எண் 2. பலரும் பை என்றாலே 4 என்று நினைத்துக்கொள்கிறார்கள். பால் கவருக்குப் பழைய பேப்பர் கடையில் நல்ல விலை கிடைப்பதற்குக் காரணம் அது ஒரே வகைப் பொருள், கெட்டியானது, தினமும் ஒரே மாதிரி கிடைப்பது. கெடுதல் அதன் உள்ளே ஒட்டியிருக்கும் பாலில்தான். ஒரு கை தண்ணீர் விட்டு அலசி வெயிலில் போட்டு வைத்தால் போதும். இன்னொன்று: மூலையைக் கத்தரிக்கும்போது துண்டை முழுசாக வெட்டி எடுக்காமல், கவரோடு தொங்கவிடுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டை எந்தப் பொறுக்குபவரும் குனிந்து எடுக்க மாட்டார். அது சாக்கடைக்குத்தான் போகும்.

குனிந்து எடுப்பது என்ற கணக்குதான் இந்தத் தொழிலின் அடிப்படை. மெல்லிய கேரி பேக் ஒன்று 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ சேர்க்க 250 தடவை குனிய வேண்டும். 20 கிராம் பாட்டில் என்றால் 50 தடவை. இரண்டும் தாராளமாக மறுசுழற்சி ஆகக்கூடிய பொருள்கள்தான், ஆனால் ஒன்று மூட்டைக்குள் போகிறது, மற்றொன்று முள்வேலியில் மாட்டிக்கொண்டு கிழிகிறது. மத்திய அரசு கேரி பேக்கின் குறைந்தபட்சத் தடிமனை 2021 செப்டம்பரில் 75 மைக்ரான், 2022 டிசம்பர் கடைசியில் 120 மைக்ரான் என்று உயர்த்தியதன் பின்னால் இருப்பது இதே கணக்கு. பை தடிமனானால் சும்மா கொடுக்கக் கடைக்காரர் யோசிப்பார், கிடந்தால் எடுக்கவும் ஆள் இருக்கும். தமிழ்நாடு இதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல், தடிமன் எதுவானாலும் கூடாது என்று கேரி பேக் உட்பட 14 வகைப் பொருள்களைத் தடை செய்துவிட்டது. பால், எண்ணெய் கவர்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு. தடை எப்படி நடக்கிறது என்பதை எந்தச் சந்தைக்குள் நுழைந்தாலும் பார்க்கலாம்.

எண் 5, பாலிப்ரொப்பிலீன். காயலான் கடையில் பிபி. டிபன் டப்பா, பாட்டில் மூடி, கல்யாண மண்டபத்து நாற்காலி, அரிசி வரும் வெள்ளைச் சாக்கு. உருகுநிலை சுமார் 160 டிகிரி என்பதால் கொதிக்கும் சாம்பாரை ஊற்றினாலும் நெளியாது. உணவகங்களில் பார்சலுக்குத் தரும் டப்பாக்களில் பெரும்பாலானவை இதில் செய்வது அதனால்தான். எண் 5 செய்யும் பெரிய மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. ஜவுளிக் கடையிலும் மருந்துக் கடையிலும் 'துணிப்பை' என்று கொடுக்கிறார்களே, பளிச்சென்ற நிறத்தில், பக்கவாட்டில் தைக்காமல் சூட்டில் ஒட்டியது, அது துணியே இல்லை. நெய்யாத பாலிப்ரொப்பிலீன். சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும், உதிர்ந்த பிறகு யாராலும் பொறுக்க முடியாது. சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைவான இந்தப் பைகள் கூடாது என்று 2021 செப்டம்பரிலிருந்தே விதி இருக்கிறது. 2021 கடைசியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் சொன்னது பருத்திப் பையை. கடைகள் சில கொடுத்தது மஞ்சள் நிற பிபி பையை.

எண் 6, பாலிஸ்டைரீன். கெட்டியாக இருந்தால் பேனா உடல், தயிர்க் கோப்பை, நுரையாக்கினால் தெர்மாக்கோல். 2017-இல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்டு, காற்றில் கரை ஒதுங்கி, ஊரே சிரித்ததே, அதே தெர்மாக்கோல். அதை யாரும் வாங்காததற்குக் காரணமும் அந்தக் காற்றேதான். கொள்ளளவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காற்று. லாரி நிறைய ஏற்றினாலும் எடை வராது, டீசல் காசுகூடத் தேறாது. அதை அழுத்திக் கட்டியாக்கும் இயந்திரம் உண்டு. அது இருக்கும் ஊரில் மட்டும் தெர்மாக்கோல் மறுசுழற்சிப் பொருள், இல்லாத ஊரில் வெறும் குப்பை.

எண் 3-ஐ வேண்டுமென்றே தள்ளிப் போட்டேன், அது தனியாகச் சொல்ல வேண்டிய ஆள். பிவிசி. எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். குழாயாகவும் மின்கம்பி உறையாகவும் இருக்கும்வரை அருமையான பொருள், பல பத்தாண்டு உழைக்கும். குழாய்களைத் தனியாகச் சேர்த்தால் திரும்பக் குழாயாக்கவும் முடியும். சிக்கல், அது மற்றவற்றோடு கலக்கும்போது. பெட்டை உருக்க 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி உருகி நிற்காது, சிதையும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவரும், மொத்தக் கலவையும் பழுப்பேறும், இயந்திரத்தின் உலோகமும் அரிக்கும். டன் கணக்கான பெட்டைக் கெடுக்க விரல்விட்டு எண்ணும் அளவு பிவிசி போதும். வருத்தம் என்னவென்றால், பெட்டின் அடர்த்தியும் பிவிசியின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டும் தண்ணீரில் மூழ்கும். கழுவும் தொட்டியில் பிரிக்க முடியாது. பார்வைக்கும் இரண்டும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். சில பாட்டில்களைச் சுற்றி இறுக்கமாக உறை போட்டிருப்பார்களே, அதில் பிவிசி இருந்தால் அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பிவிசியின் பொது வடிவம் எது என்று கேட்டால் குழாயைச் சொல்ல மாட்டேன், ஃப்ளெக்ஸ் பேனரைச் சொல்வேன். பாலியஸ்டர் வலையின் மேல் பிவிசி பூச்சு. எண் 1-ம் எண் 3-ம், ஒன்றோடொன்று சேரவே கூடாத இரண்டும், பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்ட பொருள் அது. காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அச்சிட்டு, இரண்டு நாளில் கழற்றிவிடுகிறோம். நல்லவேளையாகக் குடிசைக் கூரைக்கும், லோடு லாரிக்கும், நெல் காயப்போடவும் அது போய்ச் சேர்கிறது. அதற்கப்புறம் அதற்குப் போக்கிடம் கிடையாது.

எண் 7 என்பது ஒரு வகை இல்லை. மேலே உள்ள ஆறில் அடங்காத எல்லாம். மூக்குக் கண்ணாடிக்கும் பழைய வகை 20 லிட்டர் தண்ணி கேனுக்கும் பயன்படும் பாலிகார்பனேட்டும் 7; நைலானும் 7; சோள மாவிலிருந்து செய்யும் பிஎல்ஏ-வும் 7; பல அடுக்குகளை ஒட்டிச் செய்த உறைகளும் 7. ஆக, 7 விஷம் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. எந்த 7? பாலிகார்பனேட்டில் பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அது உணவில் கசியக்கூடும் என்ற கவலை நியாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலேயே குழந்தைகளின் பால் புட்டிகளில் அதைத் தடை செய்தது. அந்தக் கவலையை எடுத்து எண் 7 முழுக்கப் பூசிவிட்டது வாட்ஸ்அப்.

சூடு பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். பெட் 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெந்நீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கி நெளிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தெர்மாக்கோல் கப் சூட்டைத் தாங்கினாலும் எண்ணெய்ப் பசைக்கு இளகும். மெல்லிய கவரில் கொதிக்கிற ரசம் கட்டுவதை எந்த எண்ணும் நியாயப்படுத்தாது. மற்றபடி, உணவுக்கு ஏற்றது என்று தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது வேறு குறி. பல டப்பாக்களில் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த படம் இருக்கும். பெயின்ட் டப்பாவிலும் 5 இருக்கும், டிபன் டப்பாவிலும் 5 இருக்கும். உள்ளே சேர்த்த நிறமியும் சேர்மானமும் வேறு வேறு. பெயின்ட் வாளியில் மாவு கரைக்கும் வீடுகள் இதைக் கவனிக்கலாம்.

ஒரே எண்ணுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பது மறுசுழற்சியிலும் இடிக்கிறது. ஷாம்பு பாட்டில் ஊதிச் செய்தது. அதற்கான ஹெச்டிபிஇ உருகினாலும் கெட்டியாகத் தொங்க வேண்டும். ஐஸ்கிரீம் டப்பா அச்சில் பீய்ச்சிச் செய்தது; அதற்கானது தண்ணீர் போல ஓட வேண்டும். அடியில் இரண்டுக்கும் 2 என்றே இருந்தாலும் சேர்த்து உருக்கினால் இரண்டு வேலைக்கும் ஆகாது. பொன்னியும் அரிசி, இட்லி அரிசியும் அரிசி. ஒன்றாகப் போட்டு வடித்துப் பாருங்கள் தெரியும். அப்படிக் கலந்தது எதற்கு ஆகும்? தடிமனான கருப்புக் குழாய், பூந்தொட்டி, மட்ட ரக வாளி. அதுவும் உடைந்த பிறகு இன்னும் கீழே.

நிறத்துக்கும் ஒரு படிநிலை உண்டு. நிறமே இல்லாததற்கு அதிக விலை, அடுத்து வெள்ளை, அப்புறம் கலர், கடைசியில் கருப்பு. நிறமில்லாததை எந்த நிறமாகவும் மாற்றலாம், கருப்பை கருப்பாக மட்டுமே. பல நிறம் கலந்து அழுக்கேறிய எல்லாவற்றுக்கும் கடைசி வேஷம் கருப்புதான். வெளிநாட்டில் இயந்திரம் வைத்துத் தரம் பிரிக்கும் இடங்களிலும் கருப்புக்கு மதிப்பில்லை, வேறு காரணத்தால்: அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைப் பார்த்துத்தான் இயந்திரம் பிளாஸ்டிக்கை அடையாளம் காண்கிறது, கரி கலந்த கருப்பு அந்த ஒளியை விழுங்கிவிடும். நம் ஊரில் பிரிப்பது மனிதக் கண்ணும் கையும். பெரும்பாலும் பெண்களின் கை, கையுறை இல்லாமல்.

தண்ணீர்த் தொட்டி இந்தத் தொழிலின் எளிய கருவி. எண் 2, 4, 5 மூன்றும் தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். 1, 3, 6 மூழ்கும், நுரையாக்காத வரை. பெட் பாட்டிலை மூடியோடு அரைத்துத் தொட்டியில் கொட்டினால், பாட்டில் துண்டு அடியில் போகும், மூடித் துண்டு மேலே நிற்கும். அரித்து எடுத்தால் இரண்டும் தனித்தனி. இதே இயல்பு கடலில் வேறு முகம் காட்டியது. 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது, அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. பெரும்பகுதி பாலிஎத்திலீன் என்பதால் அடியில் போகாமல் மிதந்து நீர்கொழும்புக் கரையில் பனி போலக் குவிந்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியதும் அதே மாதிரிக் குருணை கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வரை வந்தது. அந்தக் குருணை எல்லாம் இன்னும் எதுவாகவும் ஆகாத புதுப் பிளாஸ்டிக், எண் பொறிக்கப்படும் முன்பே குப்பையானது.

பல அடுக்கு உறைதான் எல்லோருக்கும் தலைவலி. சிப்ஸ் பாக்கெட்டில் வெளிப்பக்கம் அச்சிட ஒரு படலம், நடுவே காற்றும் ஒளியும் புகாமலிருக்க அலுமினியப் பூச்சு, உள்ளே சூட்டில் ஒட்ட இன்னொரு படலம். மொத்தத் தடிமன் ஒரு முடியளவுதான். பிரிக்கும் செலவில் புதிதாகவே செய்துவிடலாம். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டும் இந்த ரகம். அது ஏழை வீட்டுக்கும் ஷாம்பு கொண்டுவந்தது உண்மை. கூடவே பொறுக்கினாலும் விலை போகாத ஒரு குப்பையைத் தெருவுக்கும் கொண்டுவந்தது. இவற்றில் சேகரமாகும் கொஞ்சம், அரியலூர்ப் பக்கம் இருப்பது போன்ற சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகப் போகிறது. எரித்துச் சூடு எடுப்பதை மறுசுழற்சி என்று அழைப்பது சரியில்லை, ஆனால் திறந்த வெளியில் கொளுத்துவதைவிட எவ்வளவோ மேல். அங்கேயும் ஓர் ஆளுக்கு அனுமதி கிடையாது: பிவிசி. குளோரின் சூளைக் குழாய்களில் படிந்து அடைக்கும்.

சாலைக்கும் அதே கதை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறையில், சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுவார்கள். அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும், அதன் மேல் தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த முறையின் அழகு, வகை பிரிக்க மெனக்கெட வேண்டாம் என்பதில் இருக்கிறது. கேரி பேக்கும் தெர்மாக்கோலும் அந்தச் சூட்டில் இளகிவிடும். பிவிசி மட்டும் கண்டிப்பாகக் கூடாது.

சட்டம் இப்போது இந்த எண்களைச் சுற்றி வருவதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. விற்ற பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரிப்பதும் உற்பத்தியாளர் வேலை என்று 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள், பொருள்களை அடைத்துத் தரும் பொதி பிளாஸ்டிக்கை நான்காகப் பிரித்தன: கெட்டியானது, வளையும் படலம், பிளாஸ்டிக் அல்லாத அடுக்கும் சேர்ந்த பல அடுக்கு உறை, மக்கும் வகை. வேதியியல்படி இது முரட்டுப் பிரிவினை, ஆனால் எது திரும்ப வரும் எது வராது என்பதற்கு 1 முதல் 7-ஐவிட நெருக்கமானது. கெட்டிப் பொதியில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சி பிளாஸ்டிக் இருக்க வேண்டும், 2028-29-க்குள் 60 என்பது அந்த விதி. பல அடுக்கு உறைக்கோ 5 சதவீதத்தில் தொடங்கி 10-இல் நிற்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே அதன் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பது இந்த எண்ணில் தெரிகிறது.

அந்த நான்காவது வகைதான் இனி வரப்போகும் குழப்பம். 'மக்கும் பை' என்று அச்சிட்டு, கொஞ்சம் குழைவாக, பால் கவர் போலவே இருக்கும் பைகள் கடைகளுக்கு வந்துவிட்டன. அசலானது என்றால் ஐஎஸ் 17088 என்ற தரக் குறியீடும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று விவரமும் பையிலேயே இருக்க வேண்டும். அசலானதும் உங்கள் வீட்டு உரத்தொட்டியில் மக்கும் என்று நம்ப வேண்டாம். தரச் சோதனை பெரிய உரக் கூடத்தின் சூட்டைக் கணக்கில் வைத்தது, சுமார் 58 டிகிரி. அலசிக் காயவைத்த பால் கவர்க் கட்டுக்குள் இந்தப் பைகள் நாலைந்து புகுந்துவிட்டால் உருக்கும் இடத்தில் படலம் பொத்தல் விழும், கட்டு முழுக்க விலை இறங்கும். இரண்டையும் தனித்தனியாக வைத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். பால் கவரைத் தராசில் போடுவார், மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.